ஓமானுக்குப் போகாத ஓமண்

டென்மார்க்கில் எங்கள் ஹேர்னிங் தமிழ்ச் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு ரவி டெலிபோன் எடுத்தபோது நான் முதலில் மாட்டேன் என்றுதான் சொன்னேன். இந்த வருடம் மலர்க்குழுவுக்கு அவர்தான் பொறுப்பு. லேசில் விடுகிற ஆள் இல்லை.

"அண்ணை, எல்லாரும் பக்டரி, முதியோர் பராமரிப்பு, பஸ் ஓட்டினது எண்டுதான் எழுதித் தந்திருக்கினம். ஆத்துக்க நிண்டு சம்பளம் எடுத்த தமிழன் ஹேர்னிங்கில நீங்கள் ஒராள்தான். எழுதித் தாங்கோ."

ஆத்துக்க நிண்டு சம்பளம் எடுத்த தமிழன்! ஏதோ நான் விடிய எழும்பித் துவாயும் சவுக்காரமும் கொண்டு குளிக்கப் போய், மாத முடிவில் காசு வாங்கிக்கொண்டு வந்தவன் மாதிரி. அந்தக் கோபத்தில்தான் பேனையை எடுத்தேன். நாலு வரி எழுதியதும் கோபம் ஆறிவிட்டது. எழுத்து மட்டும் நிற்கவில்லை.

முதலில் என் தொழிலின் பெயரைச் சொல்லவேண்டும், ஏனென்றால் அதனால் பட்ட பாடு கொஞ்சமல்ல. டேனிஷில் ஆற்றுக்கு ஒரே ஒரு எழுத்துத்தான். நாங்கள் "ஓ" என்று இழுத்துச் சொல்வதுபோல அது ஒலிக்கும். ஆற்றைப் பராமரிக்கிற ஆள் "ஓமண்". ஆற்று மனிதன் என்று அர்த்தம். எங்கள் ஊர்ப் பிரதேச சபை மாதிரி இங்கே கொம்யூன் இருக்கிறது. அந்தக் கொம்யூனின் ஆறுகளிலும் ஓடைகளிலும் இறங்கி, நீர்ப்பூண்டு வெட்டி, விழுந்த மரம் பார்த்து, தண்ணீர் ஓடுகிறதா என்று கவனிப்பதுதான் ஓமணின் வேலை.

நான் பல வருடம் வேலை செய்த தையல் தொழிற்சாலை மூடப்பட்டு, தொழில் இல்லாமல் வீட்டில் இருந்த காலத்தில் இந்த வேலை கிடைத்தது. சந்தோசத்தில் யாழ்ப்பாணத்தில் இருந்த மாமிக்கு, அதாவது என் மனைவி மலரின் தாயாருக்கு, உடனே டெலிபோன் எடுத்தேன்.

"மாமி, எனக்கு ஓமண் வேலை கிடைச்சிருக்கு."

 அந்தப் பக்கம் அழுகை வந்தது.

"ஐயோ தம்பி, டென்மார்க்கில இருந்து ஓமானுக்கோ? எல்லாரும் அங்கயிருந்து ஐரோப்பாவுக்கு ஓடுகினம், நீங்கள் இஞ்சால திரும்பி ஓடுறியள். அந்த வெய்யிலுக்க என்ர பிள்ளையையும் கொண்டு போகப்போறியளோ?"

நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவருக்கு இன்னும் குழம்பியது. ஆற்றில் வேலை என்றேன். ஓமானில் ஏது ஆறு என்று கேட்டார். அடுத்த கிழமை, மாமியின் பக்கத்து வீட்டார் தங்கள் மகனுக்கு ஓமான் விசா எடுத்துத் தர முடியுமா என்று என்னிடமே ஆள் விட்டுக் கேட்டார்கள். ஹேர்னிங்கில் ஒரு கலியாண வீட்டில் ஒருவர் என் கையைப் பிடித்து, "எப்ப வந்தனீங்கள், அங்க இப்ப சூடு எப்பிடி?" என்று விசாரித்தார். எதிரில் நின்ற மலர் சாறித் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

உண்மையில் மாமியின் குழப்பத்தைவிட என்னுடையது பெரிது. எங்கள் குடாநாட்டில் ஆறே கிடையாது. மாரியில் மட்டும் ஓடுகிற ஒரு வாய்க்காலுக்கு ஆறு என்று பெயர் வைத்து மனதை ஆற்றிக்கொள்கிற ஆட்கள் நாங்கள். எனக்குத் தெரிந்த தண்ணீர் எல்லாம் கிணற்றில் இருந்து வந்தது. வெங்காயத் தறைக்கும் புகையிலைத் தறைக்கும் வாய்க்காலால் ஓடி, பாத்தி பாத்தியாய்ப் பிரிந்து, மண்ணுக்குள் முடிந்துபோகிற தண்ணீர். தானாக வந்து தானாகப் போகிற தண்ணீரை நான் முப்பது வயது தாண்டித்தான் கண்டேன்.

வேலைக்குப் போன முதல்நாள் என் மேலதிகாரி இங்கர் என்னை ஒரு பாலத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். நெடிய, மெலிந்த பெண்மணி. வெள்ளம், நீர்மட்டம் எல்லாம் படித்த பொறியியலாளர். கையில் தேர்மோஸ் இல்லாமல் அவரை நான் கண்டதில்லை. பாலத்தில் நின்று கீழே கையைக் காட்டி, "ஓ," என்றார். எனக்கு அப்போது டேனிஷ் தொழிற்சாலை மட்டத்தில்தான் இருந்தது. எதற்கோ ஆம் என்கிறார் என்று நினைத்து, "ஓம்," என்று தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். நேர்முகப் பரீட்சையும் அறிமுகமும் அத்தோடு முடிந்தன.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். டேனிஷில் மந்திரிக்கும் ராக்காவலாளிக்கும் ஏறக்குறைய ஒரே "டூ" தான், நீ, நீங்கள் என்ற பேதமே இல்லை. அவர்களுடைய பேச்சைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் என் கை தடுமாறுகிறது. ஆகவே இங்கரின் வாயில் நான், "நீ"க்கும் "நீங்கள்"க்கும் இடைப்பட்ட, "நீர்" வைத்திருக்கிறேன், ஏனென்றால் அவர் என்னைப் பார்த்த பார்வை அந்த அளவில்தான் இருந்தது. அதட்டலும் இல்லை, கும்பிடும் இல்லை. ஹேர்னிங் இருக்கிற மேற்கு யூலன் பகுதியின் கமக்காரர், அதாவது விவசாயிகள், பேசுகிற டேனிஷ் எப்படியும் என் காதில் எங்கள் ஊர்த் தமிழாகத்தான் விழும். அதை அப்படியே எழுதுகிறேன்.

தொழில் பழகியதை நீட்டப் போவதில்லை. ஓய்வுபெற இருந்த ஒரு பழைய ஓமண் ஒரு கோடை முழுக்க என்னோடு நின்று பழக்கினார். மார்புவரை ஏறுகிற றப்பர் காற்சட்டையைப் போட்டு, இடுப்புப் பட்டியை இறுக்காமல் தண்ணீரில் கால் வைக்கக் கூடாது. பட்டி தளர்ந்தால் விழுகிற நேரம் காற்சட்டைக்குள் தண்ணீர் நிரம்பி உள்ளே இழுத்துவிடும். ஒரு கால் ஊன்றியதை உறுதி செய்யாமல் மற்றக் காலை எடுக்கக் கூடாது. நீண்ட பிடி அரிவாளைக் கையால் வீசக் கூடாது, இடுப்பால் திருப்பவேண்டும். வெட்டிய பூண்டு மிதந்து போய் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய மரத்தில் தங்கும். அதைப் பல்லுப் பல்லான இரும்பு முள்ளால் வாரிக் கரையில் போட்டு ஒரு நாள் விடவேண்டும், அதற்குள் ஒட்டியிருக்கிற சின்னச் சீவன்கள் ஊர்ந்து தண்ணீருக்குத் திரும்பும். அந்தப் பூண்டுக்கு டேனிஷில் பெயர் இருக்கிறது. நான் கடைசிவரை சாதாளை என்றே சொன்னேன். எங்கள் கடற்கரையில் ஒதுங்குகிற சாதாளையைப் பார்த்தவர்களுக்கு அந்த வாரல் வேலை புதிதல்ல.

முதன்முதலில் என்னைத் தனியே விட்ட இடத்தில் நான் செய்த கூத்தை இங்கர் பிறகு கூட்டங்களில் எல்லாம் சொல்லி மற்றவர்களைச் சிரிக்கவைப்பார். எங்கள் ஊரில் ஒரு கமக்காரனின் மானம் அவனுடைய வாய்க்காலில் இருக்கிறது. புல்லுப் பூண்டு இல்லாமல், நூல் பிடித்தமாதிரி, வழித்துத் துடைத்து வைத்திருந்தால்தான் ஆள் உழைப்பாளி. நானும் எனக்குத் தந்த துண்டை அப்படியே செய்தேன். கரையில் இருந்து கரைவரை ஒரு சாதாளை மிச்சம் வைக்கவில்லை. மணல் பளிச்சென்று தெரிந்தது. இங்கர் வந்து பார்த்தார். தேர்மோஸ் மூடியில் கோப்பி ஊற்றினார். நின்ற நிலையில் குடித்து முடித்தார்.

"சிவா, நீர் ஆத்துக்கு மொட்டை அடிச்சுப் போட்டீர்."

"துப்புரவாத்தானே இருக்கு?"

"துப்புரவு. மீனுக்கு ஒளிக்க இடமில்லை, தண்ணிக்கு வளைய இடமில்லை, இன்னும் ஒரு மாதத்தில இதே சாதாளை ரெண்டு மடங்காய் வரும்." சாதாளை என்ற சொல்லை என்னிடமிருந்து அதற்குள் பொறுக்கிவிட்டிருந்தார். தூரப் பார்த்துக்கொண்டு கேட்டார்: "இதில தண்ணிக்கு என்ன விருப்பம் எண்டு பாத்தனீரோ?"

அது அவருடைய பழக்கம். இதைச் செய் என்று கட்டளை போடமாட்டார். தண்ணீருக்கு என்ன விருப்பம் என்று கேட்பார். ஒருநாள் வெயிலில் முதுகு முறிந்து நின்ற நேரத்தில் நான், "தண்ணிக்குக் கடலுக்குப் போக விருப்பம், எனக்கு வீட்டுக்குப் போக விருப்பம்," என்று சொல்லிப் பார்த்தேன். சிரிக்கவில்லை. ஆனால் அன்று நேரத்தோடு, வேளைக்கே வீட்டுக்கு அனுப்பினார்.

அதன்பிறகு நான் வெட்டியது வேறு விதம். ஆற்றுக்குள் பாம்பு போன பாதை மாதிரி ஒரு வழி மட்டும் வெட்டவேண்டும். ஒரு கரையை ஒட்டிப் போய், நடுவால் குறுக்கிட்டு, மற்றக் கரைக்கு மாறவேண்டும். இரண்டு பக்கமும் சாதாளையை விட்டுவிடவேண்டும். தண்ணீர் அந்த வழியில் ஒடுங்கி, வேகம் எடுத்து, மண்ணைத் தானே அள்ளிக்கொண்டு போகும். நேராக வெட்டி நிமிர்த்திய ஆறுகூட அப்படி உள்ளுக்குள் வளைந்து ஓடப் பழகும்.

இனி நான் சொல்லவந்த கதைக்கு, காட்டுக்குள் ஓடுகிற ஒரு ஆற்றுத் துண்டுக்கு, வருகிறேன்.

வடக்கே ஸ்கீவ நகரப் பக்கம் போய்க் கடலில் சேர்கிற ஆறு ஒன்று இருக்கிறது. அதன் கிளை ஒன்று எங்கள் பொறுப்பில் இருந்தது. முதலில் அக்சல் என்ற கமக்காரரின் புல்வெளி ஓரமாக நேராக ஓடி, பிறகு காட்டுக்குள் நுழையும். அந்தக் காட்டுக்குள்ளும் அதை ஒரு காலத்தில் வாய்க்கால் மாதிரி நிமிர்த்திவிட்டிருந்தார்கள், நிலம் காயவேண்டும் என்று. பழைய வளைவுகள் சேற்றுக் குழிகளாகக் காட்டுக்குள் கிடந்தன. அவற்றைத் திரும்ப வெட்டி ஆற்றை அதன் பழைய போக்கில் விடவேண்டும் என்பது இங்கரின் பல வருடக் கனவு. கூட்டம் கூட்டமாகப் போய்க் கதைத்து, திட்டம் கீறி, கடைசியில் சம்மதம் வாங்கினார்.

சம்மதம் ஒரு நிபந்தனையோடு வந்தது. வளைவு வைத்தால் தண்ணீர் தேங்கித் தன் புல்வெளி மூழ்கும் என்று அக்சல் ஒரே பிடியாக நின்றார். ஆகவே கொம்யூன் அவருக்கு வாக்குக் கொடுத்தது. ஒரு கோடையில் புல்வெளியில் வெள்ளம் நின்றால் கொம்யூனின் குழு வந்து பார்க்கும். பார்க்கிற அன்றும் வெள்ளம் நின்றால் வளைவுகளை மூடி ஆற்றைத் திரும்ப நேராக்கிவிடுவார்கள். வெள்ளம் வடிந்திருந்தாலும் அக்சலைக் கேட்டுத்தான் முடிவு செய்வார்கள்.

மண் தோண்டுகிற பெக்கோ இயந்திரங்கள் வந்து வளைவுகளை வெட்டின. கூழாங்கல் கொட்டினோம். தண்ணீரைத் திருப்பிவிட்ட அன்று நான் கரையில் நின்று பார்த்தேன். நாங்கள் சின்ன வயதில் மண்வெட்டியும் காலுமாகப் பாத்திக்குப் பாத்தி தண்ணீரைத் திருப்பிவிட்டவர்கள், அதாவது தண்ணீர் மாறியவர்கள். ஆனால் ஒரு முழு ஆற்றை மாறியது இதுதான் முதல்தரம். சேற்றைக் கரைத்துக்கொண்டு முதல் தண்ணீர் உள்ளே நுழைந்து, ஒவ்வொரு வளைவிலும் தயங்கி, பிறகு சாய்ந்து திரும்பிப் போனபோது எனக்குக் கண் கலங்கியது. அதை மறைக்கவும் இல்லை.

இரண்டு வருடத்தில் அந்தத் துண்டு கண் குளிர இருந்தது. முதலில் வரிசையில் நட்ட ஊசியிலை மரங்கள், உள்ளே பகலிலும் மங்கல் வெளிச்சம். அதைத் தாண்டினால் ஈரத்தில் வேர்விட்டு நிற்கிற, டேனிஷ்காரர் எல் என்கிற மரங்களும், வெள்ளைப் பட்டை பேர்ச் மரங்களும். தண்ணீர் சாயம் கூடின வெறுந்தேத்தண்ணி நிறம், ஆனால் அடிக்கல் தெரியும். மீன்கொத்தி ஒன்று எனக்கு முன்னால் வளைவுக்கு வளைவு பறந்து போய்க் காத்திருக்கும். நீர்நாயின் கால்தடத்தை மணலில் கண்ட அன்று வேலையை விட்டுவிட்டு இங்கருக்கு டெலிபோன் எடுத்தேன்.

அடுத்த வருடம் கோடை மழையோடு வந்தது. விடாமல் பெய்தது. அக்சலின் புல்வெளியில் முதலில் பசுக்களின் குளம்படிகளில் தண்ணீர் நின்றது, பிறகு பள்ளங்களில், பிறகு வேலிக்கட்டை அடியில். அக்சல் கொம்யூனுக்கு டெலிபோன் எடுத்தார். குழு அடுத்த கிழமை வருவதாக நாள் குறித்தது.

நான் பயந்துபோனேன். இங்கரும் பயந்தார், அவர் காட்டவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். இருவருக்கும் ஒரே நினைப்பு: காட்டுக்குள் எங்கேயோ அடைத்திருக்கிறது. விழுந்த மரமோ, வளைவில் சிக்கின குப்பையோ. நான் காலையில் இறங்கி மாலைவரை காட்டுத் துண்டு முழுவதும் தேடினேன். ஒரு கிளையைக்கூட விடவில்லை. ஒன்றும் இல்லை. வீட்டுக்குப் போனால் மலர் மூக்கைப் பொத்தினாள்.

"கார் முழுக்க ஆத்து மணம். இப்பிடி ஏன் உயிரை விடுறியள்? அவையின்ர ஆறு, அவையின்ர காணி. நேராப் போனால் என்ன, வளைஞ்சு போனால் என்ன?"

"அவையின்ர எண்டால்? நான் வெட்டினது, நான் கல்லுக் கொட்டினது. அதை மூடுறதை என்னைப் பாத்துக்கொண்டு நிக்கச் சொல்லுறியோ?"

 அடுத்தநாள் என் சாப்பாட்டுப் பெட்டியில் வழமையைவிட ஒரு றொட்டி கூட இருந்தது.

அன்று காலை இங்கர் ஒரு பை நிறைய ஒரேஞ்சுத் தோடம்பழத்தோடு வந்தார். ஆற்றின் வேகம் பார்க்க அவர் எப்போதும் தோடம்பழம்தான் போடுவார். பந்து காற்றுக்கு ஓடிவிடும், தடி ஒரு பக்கம் சாயும். தோடம்பழம் பாதி அமிழ்ந்து தண்ணீரோடு தண்ணீராகப் போகும், நிறமும் தூரத்துக்குத் தெரியும். திரும்பப் பிடிக்கிறவற்றை மதியம் உரித்துச் சாப்பிடுவோம். அக்சலும் வந்து நின்றார். பெரிய தொப்பி, பெரிய சப்பாத்து, இரண்டு கையும் காற்சட்டைப் பையில்.

"பழம் போட்டு என்ன பாக்கப்போறியள்? காட்டுக்க போய் நிண்டிடும். நான் சொன்னதுதான் நடக்கும்."

"வாரும், பாப்பம்," என்றார் இங்கர். "நீரும் நடவும்."

அக்சலின் சின்னப் பாலத்தில் இருந்து பழங்களைப் போட்டோம். மூன்று பேரும் கரையால் நடந்தோம். அக்சல்தான் முன்னுக்கு. காட்டு வாசலில் போய் நின்று, எங்கள் பழங்கள் வந்து வளைவில் சிக்குவதைத் தன் கண்ணால் காண வேண்டும் என்று அவருக்கு அவசரம். போய் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். ஒரு பழமும் வரவில்லை.

நாங்கள் திரும்பி நடந்து பார்த்தோம். எல்லாப் பழமும் அவருடைய புல்வெளிக்கு நேரே, நேரான துண்டில், சாதாளைக்குள் கோழிமுட்டை மாதிரி இருந்தன. அந்த இடத்தில் ஆறு கரையில் இருந்து கரைவரை பச்சைப் பாயாக மூடியிருந்தது. அந்தத் துண்டுக்கு அந்தக் கோடையின் வெட்டு முறை இன்னும் வரவில்லை. மேலே நல்ல வெயில்.

இங்கர் மிச்சப் பழங்களைக் காட்டு வாசலில் போட்டார். அவை வளைவுக்கு வளைவு திரும்பி, எங்களால் நடந்து பிடிக்கமுடியாத வேகத்தில் காட்டின் மறுபக்கத்தால் வெளியே போயின. பிறகு அளவுக் கோல் வைத்து நீர்மட்டம் பார்த்தார். புல்வெளித் துண்டின் மேல் முனைக்கும் கீழ் முனைக்கும் இடையில்தான் பெரிய வித்தியாசம். காட்டுக்குள் மரநிழலில் சாதாளை வளரவில்லை. வெயில் விழுகிற இடத்தில்தான் அது காடாகி நின்றது. நாங்கள் இருவரும் இவ்வளவு நேரமும் குற்றவாளியைப் பக்கத்து வீட்டில் தேடியிருக்கிறோம்.

"இஞ்ச முந்தி எல் மரங்கள் நிண்டதெல்லோ?" என்று நான் கேட்டேன்.

அக்சல் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நிண்டது. புல்லுக்கு நிழல் விழுகுதெண்டு போன வருசம் நான்தான் தறிச்சனான்." தொப்பியைத் திரும்பப் போட்டார். "இப்ப என்ன செய்யிறது?"

அந்தக் கேள்வியை நான் மறக்கமாட்டேன். இதுவரை "நீங்கள் என்ன செய்யப்போறியள்" என்று கேட்டுவந்த மனிதர் அவர்.

சாதாளை வெட்டுகிற இயந்திரப் படகுக்கு இங்கர் டெலிபோன் எடுத்தார். மழைக்கோடை என்பதால் எல்லாக் கொம்யூனும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தது. குழு வருமுன் கிடைக்காது என்றார்கள். இங்கர் டெலிபோனை வைத்துவிட்டுத் தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து, மடிப்புக் குலையாத ஒரு றப்பர் காற்சட்டையை எடுத்தார். அவர் அதைப் போட்டு நான் அதற்குமுன் கண்டதே இல்லை.

கீழ் முனையில் இருந்து தொடங்கினோம். தண்ணீர் மாறுகிற எவருக்கும் தெரிந்த விசயம்: போகிற வாயைத் திறக்காமல் வருகிற வாயைத் திறந்தால் வரம்பு உடையும். நான் அரிவாளோடு முன்னால், நீரோட்டத்துக்கு எதிராக. இங்கர் எனக்குப் பின்னால் அளவுத் தடியோடு நின்று எந்தக் கரைக்கு மாறவேண்டும் என்று சொன்னார். தாள் பார்த்துச் சொல்லவில்லை. காலால் அடிமண்ணைத் தடவித்தான் சொன்னார். வெட்டிய சாதாளை மிதந்து குறுக்கு மரத்தில் மலையாய்க் குவிந்தது. அக்சல் தன் ட்ரக்டரைக் கொண்டுவந்து, முன்னால் பூட்டிய முள்ளால் அதை அள்ளி அள்ளிக் கரையில் போட்டார். உடனே ஏற்றிக்கொண்டு போக வெளிக்கிட்டவரை நான் மறித்தேன்.

"ஒரு நாள் கிடக்கட்டும், அக்சல். அதுக்குள்ள சீவன்கள் இருக்கு."

"எத்தினை?"

"எண்ணிப் பாத்துப் போட்டு நாளைக்குச் சொல்லு."

அவர் என்னை முறைத்தார். பிறகு உண்மையாகவே குனிந்து பார்த்தார். ஒரு கை அளவு சாதாளையைப் பிரித்து, அதற்குள் நெளிந்த மீன்குஞ்சைத் தன் பெரிய விரல்களால் எடுத்துத் தண்ணீரில் விட்டார். நான் பார்க்காத மாதிரித் திரும்பிக்கொண்டேன்.

நாட்கள் அப்படிப் போயின. தோள் இறங்கிவிட்டது. ஆனால் ஒவ்வொரு மாலையும் எங்களுக்குப் பின்னால் ஆற்றின் சத்தம் மாறுவதைக் கேட்டோம். சத்தமே இல்லாமல் கிடந்த துண்டில் முதலில் ஒரு கிசுகிசுப்பு, பிறகு ஓட்டம். பாலத்தடிக்கு நான் வந்து கடைசி வீச்சு வீசியபோது, மேலே தேங்கி நின்ற தண்ணீர் அந்த வழியால் இறங்கிய வேகத்தில் நான் இரண்டு அடி பின்னால் தள்ளப்பட்டேன். இங்கர் என் காற்சட்டைப் பட்டியைப் பிடித்து நிறுத்தினார்.

"மோசமில்லை," என்றார். யூலனில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. ஒரு பெண்பிள்ளை பிறந்தாலும் அதைத்தான் சொல்வார்கள், வீடு கட்டி முடிந்தாலும் அதைத்தான் சொல்வார்கள்.

குழு வந்தது. ஐந்தாறு பேர், புதுச் சப்பாத்துகளோடு. அவர்கள் புல்வெளிக்குள் இறங்கி நடந்தார்கள். வேலிக்கட்டை அடியில் மண் ஈரமாக இருந்தது, தண்ணீர் இல்லை. பள்ளங்களில் தண்ணீர் இல்லை. பசுக்கள் நின்று மேய்ந்தன. ஆனாலும் எனக்குப் பயம் போகவில்லை, ஏனென்றால் கடைசி வார்த்தை அக்சலுடையது. அடுத்த கோடை பார்ப்போம், எனக்கு நம்பிக்கையில்லை, மூடுங்கள் என்று அவர் சொல்லிவிட்டால் எங்கள் தோள் வலி ஒருவருக்கும் தெரியப்போவதில்லை.

குழுத் தலைவி அக்சலைக் கேட்டார்: "புல்வெளி எப்பிடி?"

"காஞ்சு போச்சு."

"அப்ப ஆறு? நேராக்கிறதோ, விடுறதோ?"

அக்சல் கையைப் பையில் இருந்து எடுத்துக் காட்டுப் பக்கம் நீட்டினார்.

"அது கிடக்கிற இடத்தில கிடக்கட்டும். அங்க ஒரு பிழையும் இல்லை. இஞ்ச என்ர பக்கம்தான் நான் திரும்ப மரம் வைக்கவேணும்."

நான் அழுதேன் என்று எழுதினால் ரவி பெரிய எழுத்தில் போடுவார். ஆகவே சிரித்தேன் என்று எழுதுகிறேன். இரண்டும் உண்மை. இங்கர் தேர்மோசைத் திறந்து, முதல் மூடிக் கோப்பியை அக்சலுக்கும் இரண்டாவதை எனக்கும் ஊற்றினார். தனக்கு ஊற்ற மறந்துபோனார்.

குழு போனதும் நாங்கள் மூவரும் கொம்யூனின் சின்ன வள்ளத்தைப் பாலத்தடியில் இறக்கினோம். அக்சல் அந்த ஆற்றங்கரையில் பிறந்து வளர்ந்தவர், ஆனால் தண்ணீரில் இருந்து காட்டை ஒருநாளும் கண்டதில்லையாம். அவரை நடுவில் இருத்தி, முன்னால் இங்கர், வளைவுகளைத் தான் கீறிவைத்த திட்டப் படத்தை மடியில் விரித்து இருக்க, பின்னால் நான் துடுப்பு வைத்தேன். நேரான துண்டில் நாங்கள் வெட்டிய வழியால் ஆடி ஆடிப் போனோம். காட்டு வாசலில் வெளிச்சம் பச்சையாக மாறியது. பிறகு வளைவுகள் தொடங்கின. ஊசியிலை வாசனை, எல் மர வேர்கள், வேருக்குள் நிழல். மீன்கொத்தி ஒன்று நீலமாகக் கிழித்துக்கொண்டு போனது. ஒரு பெரிய மீன் எங்கள் வள்ளத்தின் கீழே நிதானமாக நகர்ந்து கூழாங்கல்லுக்கு மேல் போய் நின்றது.

அக்சல் ஒவ்வொரு வளைவிலும் ஒரே கேள்வி கேட்டார்.

"இதையும் பெக்கோவோ வெட்டினது?"

"ஓம், பெக்கோதான்," என்று இங்கர் படத்தில் விரலை வைத்துக் காட்டுவார்.

பேர்ச் மரங்கள் முடிகிற இடத்தில் ஆறு சடாரென்று இடது பக்கம் திரும்பியது. ஒரு பழைய வேர்க்கட்டையைச் சுற்றி, உள்கரையில் புது மணல் போட்டு, வெளிக்கரையை ஆழமாகத் தோண்டி, அழகான ஒரு வளைவு. அக்சல் வழமைபோலக் கேட்டார். இங்கர் படத்தில் விரல் வைத்தார். விரலை எடுத்தார். படத்தை வெளிச்சத்துக்கு உயர்த்திப் பார்த்தார்.

"இதில இது இல்லை. இதை நாங்கள் கீறேல்லை."

"அப்ப ஆர் கீறினது?"

இங்கர் படத்தை நாலாக மடித்துக் காலடியில் போட்டார். இத்தனை வருடத்தில் அவர் வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் கேட்டேன்.

"ஆறு," என்றார்.

நான் துடுப்பை மடியில் வைத்துவிட்டுக் கைதட்டினேன். வள்ளம் ஆடியது, அக்சல் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு என்னை ஏசினார். துடுப்பை எடுக்கச் சொல்லி ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் தானே எங்களைத் திருப்பிக் கொண்டுபோனது.